டூனாராவின் கடைசிப் புள்ளி

கீலின் ஹெராட்டி பந்தை உதைத்த பிறகு அதன் பின்னால் கண்ணை அனுப்புவதில்லை. ஃப்ரீ கிக் கிடைத்ததும் பந்தை வாங்கி ஜெர்சியின் ஓரத்தால் ஈரம் துடைப்பாள். புல்லில் நிறுத்தி மூன்றடி பின்வாங்குவாள். கோலின் இரண்டு கம்பங்களையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உதைப்பாள். கால் பந்தை விட்டு விலகிய மறுகணம் திரும்பிவிடுவாள். பந்து குறுக்குச் சட்டத்துக்கு மேலே, கம்பங்களுக்கு நடுவே போனதா, விலகிப் போனதா என்பதைக் கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டு அணிந்து நிற்கும் கம்ப நடுவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவள் கொள்கை. வெள்ளைக் கொடி உயர்ந்தால் ஒரு புள்ளி; கூட்டம் கத்தும். அந்தச் சத்தம் முதுகில் வந்து விழும்போது அவள் தன் இடத்தை நோக்கிப் பாதி தூரம் நடந்திருப்பாள்.

பன்னிரண்டு வயதில் தொடங்கிய இந்தப் பழக்கம் இருபத்தொன்பது வயதிலும் மாறவில்லை. மாலையில் மைதானத்தில் தனியாக முப்பது பந்து உதைத்துப் பழகும்போதும் அப்படித்தான். எல்லாவற்றையும் உதைத்து முடித்தபின் பொறுக்கப் போவாள். பந்துகள் கிடக்கும் இடத்தைக் கொண்டுதான் எத்தனை தேறின என்று அறிந்துகொள்வாள். "கீலின் பார்க்க மாட்டா" என்பது மாவட்டம் முழுவதும் தெரிந்த செய்தி.

எங்கள் டூனாரா ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது; கில்சாலோ கிழக்குக் கரையில். தேவாலயத்தை வைத்துப் பிரித்த இந்த இரண்டு பங்குகளுக்கும் நடுவே ஒரு பாலம். எந்தப் பங்கில் பிறக்கிறோமோ அந்தப் பங்குக்குத்தான் ஆட வேண்டும் என்பது எங்களிடம் சட்டத்தைவிடப் பழைய வழக்கம். அயர்லாந்துக்கே உரிய கெய்லிக் கால்பந்தில் பெண்கள் கோப்பையை ஒன்பது முறை வென்றது கில்சாலோ. டூனாராப் பெண்கள் முப்பத்தொரு ஆண்டுகளில் நான்கு முறை இறுதிப் போட்டிக்குப் போய் நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பியவர்கள். அணி தொடங்கிய முதல் ஆண்டில் பதினைந்து பேர் தேறாமல், வேடிக்கை பார்க்க வந்த ரொட்டிக் கடைக்காரியைக் கோலில் நிறுத்தி ஆடினார்களாம். அவர் மேலங்கியைக் கூடக் கழற்றவில்லை என்பார்கள்.

கீலின் தபால் ஊழியர். அவளுடைய பச்சை வேன் தினமும் ஏரியை முழுதாகச் சுற்றும். ஆகவே வாரத்தில் ஆறு நாள் எதிரியின் வாசலிலும் நிற்பாள். கில்சாலோவின் கோல் கீப்பர் ஊனா ப்ரெஹனி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், முப்பத்தெட்டு வயது. இந்த இறுதிப் போட்டியோடு கையுறையைக் கழற்றிவிடப் போவதாக முன்பே சொல்லியிருந்தார். அதன்பின் சனிக்கிழமைகளில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமிகளைப் பழக்குவதுதான் அவருடைய முழு ஆசை. அந்த வேலையை ஏற்கெனவே தொடங்கியும் இருந்தார்.

போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கீலின் கடிதங்களோடு போனபோது ஊனா வாசலில் பேருந்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை தபால் கிடையாதாமே?" என்றார்.

"கொண்டு வர்றதுக்குக் கிடையாது, ஊனா. எடுத்துக்கிட்டுப் போறதுக்கு உண்டு. கோப்பையைத் துடைச்சு வெச்சிருங்க."

"அது எங்க அலமாரில நல்லாத் தூங்குதுடி. பாவம், எழுப்பாதே. உங்க ஊர்ல அதை எங்க வெக்கிறதுன்னு யாருக்காவது தெரியுமா?"

"எங்க அப்பா மாட்டுக் கொட்டகையில ஒரு பலகை அடிச்சு வெச்சிருக்கார்."

ஊனா ஈரத் துணியை அவள்மேல் எறிந்தார். கீலின் அதைப் பிடித்துத் திருப்பி எறிந்தாள். ஊனா ஒற்றைக் கையால் பிடித்தார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் மாதத்துக்கு அதிசயமாக, வெயில் அடித்தது. மாவட்ட மைதானத்தின் மேற்கு மேட்டில் எங்கள் கருநீலமும், எதிர்ப்புறத்தில் அவர்களுடைய மஞ்சளும் நிரம்பி வழிந்தன. உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் மலாக்கி பேச எழுந்தார். பால் லாரி ஓட்டுபவர். முக்கியமான நேரத்தில் நீதிக்கதை சொல்லியே தீர்வார். அன்று நடந்ததைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

"ஏரிக்கரையில ஒரு நாரை" என்று மலாக்கி தொடங்கினார். "ஒத்தைக் கால்ல நின்னுச்சு. நீர்நாய் வந்து, 'என்ன நாரை, இன்னொரு கால் எங்க போச்சு?'ன்னு கேலி பண்ணுச்சு. நாரை சொல்லுச்சு, 'அதைப் பத்திரமா மடிச்சு வெச்சிருக்கேன், தேவைப்படறப்ப எடுப்பேன்'னு. அப்புறம்..."

அப்புறம் என்ன என்று மலாக்கிக்கு மறந்துவிட்டது. முன்கள வீராங்கனை டெர்வ்லா, விரலுக்குப் பிளாஸ்திரி சுற்றியபடி கேட்டாள்: "நாரை ஜெயிச்சுதா, தோத்துதா, மலாக்கி? அதை மட்டும் சொல்லுங்க, நாங்க கிளம்பணும்."

"அது எனக்கு ஞாபகம் வரல."

"நீர்நாய் என்ன ஆச்சு?"

"நீர்நாயை விட்டுத் தள்ளும்மா! முப்பத்தொரு வருஷமா இந்த ஊர் ஒத்தைக் கால்ல நிக்குது. மடிச்சு வெச்ச காலை இன்னைக்கு எடுங்க. அவ்வளவுதான் கதை!"

எனக்குத் தெரிந்த நீதிக்கதைகளுள் இத்தனை அரைகுறையானது வேறில்லை. ஆனால் இத்தனை வேலை செய்ததும் வேறில்லை. அறையைவிட்டு அந்தப் பெண்கள் ஓடிவந்த வேகத்தில் கதவின் கொண்டி பெயர்ந்து விழுந்தது.

அந்த ஆட்டத்தை முழுதாகச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். சுருக்கிச் சொல்கிறேன். இடைவேளையில் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தோம். அடுத்த கால் மணி நேரத்தில் எங்கள் பெண்கள் ஆடியதைப் பார்த்தபோது, இவர்களைச் சிறு வயதில் பள்ளியில் 'சும்மா உட்காருங்கள்' என்று நான் அதட்டியதெல்லாம் எவ்வளவு பெரிய தவறு என்று புரிந்தது. டெர்வ்லா மூன்று பேரின் நடுவே குதித்துப் பந்தைப் பறித்தாள். இறங்கும்போது விரல் முறிந்தது. முறிந்த விரலோடு ஓடிப்போய் ஊனாவையும் தாண்டிக் கோலுக்குள் அடித்தாள். எங்கள் மேடு எழுந்து நின்றது. பிறகு உட்காரவே இல்லை. கீலினின் காலிலிருந்து ஆறு புள்ளிகள். ஆறு முறையும் திரும்பி நடந்தாள். ஆறு முறையும் கத்தி அவளுக்குச் செய்தி சொன்னோம்.

கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எங்களுக்கு ஒரு கோலும் பத்துப் புள்ளியும். அவர்களுக்கு இரண்டு கோலும் ஏழு புள்ளியும். கோலுக்கு மூன்று என்று கூட்டினால் இருபுறமும் பதின்மூன்று. அப்போதுதான் வலது ஓரத்தில் எங்களுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது.

கீலின் பந்தைத் துடைத்தாள். மூன்றடி பின்வாங்கினாள்.  உதைத்தாள். பந்து உயர எழுந்தது, கம்பத்தின் உச்சியையும் தாண்டி உயர்ந்தது.

அன்று அவள் திரும்பவில்லை.

பதினேழு ஆண்டுப் பழக்கத்தை அந்த ஒரு நொடியில் ஏன் விட்டாள் என்று பிற்பாடு கேட்டபோது, அவளுக்கே தெரியவில்லை என்றாள். முப்பத்தொரு ஆண்டுகள் அவளுடைய கழுத்தைப் பிடித்துத் திரும்பவிடாமல் நிறுத்தியிருக்கலாம். உதைத்த இடத்திலிருந்து நேர்கோட்டில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பந்து தூரத்துக் கம்பத்தின் உச்சிக்கு மேலே, கம்பத்துக்கு வெளியே, கடந்து போனது. சந்தேகமில்லாமல் வெளியே போனது.

கம்பத்தடியில் நின்ற கம்ப நடுவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். தாழ்ந்த வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. கம்பத்தைவிட உயரமாகப் போகும் பந்தைக் கற்பனைக் கோடு போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். எங்கள் ஆட்டத்தில் இதைவிடக் கடினமான தீர்ப்பு கிடையாது. அவர் ஒரு கணம் தயங்கினார். குனிந்து வெள்ளைக் கொடியை எடுத்து உயர்த்தினார். ஆட்டம் முடியும் சங்கு ஊதியது.

மேடு உடைந்தது போல நாங்கள் மைதானத்துக்குள் இறங்கினோம். அந்த இரைச்சலில் ஊனாவின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. "வெளியே! வெளியே போச்சுய்யா! உங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று அவர் கத்தியதும், கம்ப நடுவரின் கையிலிருந்து கொடியைப் பிடுங்கி வீசியதும், நடுவர் ஓடிவந்து சிவப்பு அட்டை காட்டியதும் பலர் பிறகு வீடியோவில் பார்த்தவைதாம்; பந்து போன வழி மட்டும் அதில் பதிவாகவில்லை. ஆனால் அடுத்து நடந்ததை நான் என் காதால் கேட்டேன். கட்டிப்பிடிக்க ஓடிய கூட்டத்தில் கீலினுக்கு மூன்றடி தள்ளி நின்றேன்.

ஊனா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கன்னத்தில் சேறு, கண்ணில் நீர்.

"கீலின், நீ பார்த்தே. நீ திரும்பல. உன் மூஞ்சியை நான் பார்த்தேன். சொல்லுடி, அவங்ககிட்ட சொல்லு. வெளியேதானே போச்சு?"

கீலினைச் சுற்றி அவளுடைய அப்பா, டெர்வ்லா, மலாக்கி, அழுதுகொண்டிருந்த அந்த ரொட்டிக் கடைக்காரி எல்லோரும் இருந்தார்கள். 

"நான் பாக்கறதே இல்லையே, ஊனா" என்றாள். "ஊருக்கே தெரியுமே."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஊனா அவளை ஒரு நொடி பார்த்தார். திரும்பிப் போனார்.

விலங்குகள் பேசும் கதைகளில் பொய் சொன்ன விலங்குக்கு இரண்டாம் பக்கத்தில் வால் அறுந்துவிடும். இங்கே பொய் சொன்னவளின் கையில் கோப்பையைக் கொடுத்துத் தோளில் தூக்கிக்கொண்டோம். வென்ற அணிக்கு இந்த ஏரிக்கரையில் உள்ள வழக்கப்படி எங்கள் பேருந்து பாலத்தின் மறுமுனையில் நின்றது; பெண்கள் இறங்கி, கோப்பை முன்னே செல்ல, பாலத்தை நடந்தே கடந்தார்கள். டிராக்டர்கள் விளக்கைப் போட்டு வரிசையாக நின்றன. எண்பது வயதைத் தாண்டியவர்கள் நாற்காலியோடு சாலைக்கு வந்திருந்தார்கள். அப்படி ஒரு பெருமையை அந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை. கீலினும் சிரித்தபடிதான் நடந்தாள். கோப்பையை மட்டும் அவள் தூக்கவில்லை. "டெர்வ்லா தூக்கட்டும், விரல் உடைஞ்சவ" என்று சொல்லிவிட்டாள். நல்ல குணம் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

புதன்கிழமை மாவட்டக் குழுவின் முடிவு வந்தது. கம்ப நடுவர்மீது கைவைத்ததற்காக ஊனாவுக்கு ஆறு மாதத் தடை. தடை என்றால் ஆடக்கூடாது என்பது மட்டுமல்ல. எந்த அணியையும் பழக்கக்கூடாது, எல்லைக்கோட்டுக்கு உள்ளே காலே வைக்கக்கூடாது. உள்ளூர்ப் பத்திரிகை 'தோல்வியை ஏற்கத் தெரியாத மூத்த வீராங்கனை' என்று ஒரு பத்தி எழுதியது. அவர் விளையாட்டு வாழ்வைப் பற்றிய கடைசி வரி அதுதான்.

அந்த வாரம் ஊனாவின் வாசலில் கீலின் கடிதங்களைப் பெட்டியில் போட்டுவிட்டு, வேனின் எஞ்சினைக்கூட அணைக்காமல் கிளம்பிவிடுவாள். சனிக்கிழமை ஒரு பார்சல் காரணமாகக் கில்சாலோ மைதானத்தின் பக்கம் போக நேர்ந்தது. தாழ்ந்த சுவருக்கு வெளியே ஊனாவின் பழைய கார் நின்றது; கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அப்பால் மஞ்சள் ஜெர்சிச் சிறுமிகள், பழக்க ஆளில்லாமல், ஒரு தாயின் விசிலுக்குத் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஓடிவந்து சுவரின்மேல் எட்டி, "இப்ப சரியா ஊனா?" என்று கேட்டாள். ஊனா உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். பேசவும் கூடாது.

கீலின் பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது இன்னொரு சிறுமி, பத்து வயதிருக்கும், வேனை மறித்தாள்.

"நீங்கதானே கீலின் ஹெராட்டி? இங்க பாருங்க." பந்தைச் சுவரை நோக்கி உதைத்தாள், உதைத்ததும் திரும்பி, முகத்தை உயர்த்தி, கீலினைப் போலவே நடந்து காட்டினாள். "நானும் பாக்க மாட்டேன். எங்க ஊனா பொய் சொன்னாங்களாம், எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அவங்க மேல கோவம்."

கீலின் அன்று மீதிக் கடிதங்களை எப்படிக் கொடுத்து முடித்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. இரண்டு வீட்டுக் கடிதங்கள் மாறிப்போனதாகத் திங்கட்கிழமை புகார் வந்தது; பத்து ஆண்டு வேலையில் முதல் புகார்.

வியாழக்கிழமை மாலை பயிற்சிக்கு வந்த பெண்களை அவள் உடைமாற்றும் அறையில் உட்கார வைத்தாள். மலாக்கியும், சங்கத் தலைவர் பாஸ்கலும் வந்திருந்தார்கள். கோப்பை ஜன்னல் விளிம்பில் இருந்தது. யாரோ அதில் பிஸ்கட் போட்டு வைத்திருந்தார்கள்.

"அந்தக் கடைசிப் பந்து வெளியே போச்சு" என்றாள் கீலின். "நான் பார்த்தேன். பாக்கலைன்னு பொய் சொன்னேன்."

 டெர்வ்லா கட்டுப் போட்ட கையை உயர்த்தினாள்.

"உனக்குக் காய்ச்சலா?"

"இல்லைடி."

"அப்ப பைத்தியம். இந்த விரல் இனிமே நேராகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கோணல் விரலை வெச்சுக்கிட்டு, 'இது எப்படிப் பாட்டி ஆச்சு?'ன்னு என் பேரப்புள்ளைங்க கேட்டா, 'ஜெயிக்காத மேட்ச்ல ஆச்சு'ன்னு சொல்லணுமா நான்?"

"கொடி தூக்கினது நடுவர்" என்றாள் மூலையிலிருந்து ஒருத்தி. "நீயா தூக்கினே? அவங்களுக்குச் சாதகமா எத்தனை தடவை தூக்கியிருக்காங்க!"

"கொடியைப் பத்தி நான் பேசல. ஊனா என்கிட்ட கேட்டாங்க. மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. நான் சொன்ன பதில்ல அவங்க பொய்க்காரி ஆயிட்டாங்க."

பாஸ்கல் தொண்டையைச் செருமினார். "இத பாருங்கம்மா, நடுவர் எழுதிக் கொடுத்ததுதான் முடிவு. கோப்பையில நம்ம பேரைக்கூடப் பொறிச்சாச்சு. இதை யாரும் மாத்த முடியாது."

"நாம மாத்தலாம்" என்றாள் கீலின். "ஜெயிச்ச பக்கமே 'மறுபடி ஆடலாம்'னு எழுதிக் கொடுத்தா மாவட்டம் தடுக்காது. முன்னாடி நடந்திருக்கு. அந்தப் பந்தை எடுத்துட்டா பதின்மூணுக்குப் பதின்மூணு. யாரும் ஜெயிக்கல, யாரும் தோக்கல."

அறையில் ஒரே கூச்சல். ஒருத்தி அழுதாள். ஒருத்தி பூட்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் கீலினோடு பேச இரண்டு மாதம் ஆயிற்று. "தோத்துட்டா?" என்ற கேள்வி நாலு மூலையிலிருந்தும் வந்தது. "பாலத்துல நடந்து வந்தோமேடி, அதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?" என்று ஒருத்தி கேட்டாள். மலாக்கியைப் பார்த்தார்கள். அன்று அவர் கதை எதுவும் சொல்லவில்லை. "ஆடினவங்க நீங்க. நான் லாரிக்காரன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சமயத்தில் டெர்வ்லா எழுந்து ஜன்னலருகே போனாள். கோப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றாள், மென்றபடியே. "அஞ்சு புள்ளி பின்னாடி இருந்து எழுந்து வந்தது யாரு? கம்ப நடுவரா? நாமதானே? அந்தக் கடைசி ஒண்ணு இல்லாமலே அவங்களைத் தரையோட தரையா ஆக்கியிருந்தோம். அப்புறம் எதுக்கு இந்தப் பயம்? கில்சாலோக்காரி ஒருத்தி நாளைக்கு என் முன்னாடி நின்னு, 'உங்களுக்குத் தெரியும், ஆனா திரும்ப ஆடப் பயம்'னு சொன்னா, எனக்கு மீதி ஒன்பது விரலும் எதுக்கு?" கோப்பையைத் தூக்கி, மிச்சப் பிஸ்கட்டுகளை மலாக்கியின் தொப்பியில் கொட்டினாள். "ஆடுவோம். அவங்களோட பத்து தடவை வேணும்னாலும் ஆடுவோம். என் கை சரியாகற வரைக்கும் கீலின் என் பூட்ஸுக்குக் கயிறு கட்டட்டும், அதுதான் அவளுக்குத் தண்டனை."

இருபத்தாறு பேரில் பத்தொன்பது கை உயர்ந்தது. கோப்பை வாங்கிய நாளில் எங்கள் பெண்களைப் பற்றி ஊர் முழுக்கப் பெருமை பேசினேன். அந்த வியாழக்கிழமை நடந்ததைக் கேள்விப்பட்டபோது, வேலிப் பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

ஊரில் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. கீலினின் அப்பாவே, அடித்து வைத்த பலகையைப் பார்த்தபடி, "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், மகளே" என்றார். பிறகு, "ஆனா உங்க அம்மா இருந்திருந்தா உன்னை இத்தனை நாள் விட்டிருக்க மாட்டா" என்றும் சொன்னார். பாஸ்கல் முணுமுணுத்துக்கொண்டே கடிதம் எழுதி, மூன்று பிழை திருத்தி, கையெழுத்திட்டார். மாவட்டச் செயலாளர் தொலைபேசியில் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாராம். "அடுத்த பக்கமும் சம்மதிச்சா, ரெண்டு வாரத்துல வைக்கலாம். எதுக்கும் அவங்களை நேர்ல பார்த்துடுங்க" என்றாராம் கடைசியில்.

சனிக்கிழமை காலை, தூறல். கீலின் கோப்பையை வேனின் முன்னிருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டு, பாலத்தைக் கடந்தாள். கூட வருவதாகச் சொன்ன டெர்வ்லாவை வேண்டாம் என்றுவிட்டாள். கில்சாலோ மைதானத்துச் சுவரருகே அதே இடத்தில் ஊனாவின் கார் நின்றது. வேனைக் காருக்கும் சுவருக்கும் நடுவே நிறுத்தி இறங்கினாள்.

ஊனா கண்ணாடியை இறக்கவில்லை. கீலின் தட்டினாள். இரண்டு விரல் அகலத்துக்கு இறங்கியது.

"கடிதத்தைப் பெட்டியில போடறதுதானே வழக்கம்?" என்றார் ஊனா.

"இது கையில கொடுக்க வேண்டியது."

விரல் அகலத்தின் வழியே உறை உள்ளே போனது. ஊனா படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அதற்குள் தாய்மார்கள் நாலைந்து பேர் சுவரோரம் வந்துவிட்டார்கள். எதிரியின் தபால் வேன் கோப்பையோடு வந்து நின்றால் யார்தான் வரமாட்டார்கள்? சிறுமிகள் சுவரின்மேல் தொற்றி ஏறினார்கள். திரும்பி நடந்து காட்டிய அந்தப் பத்து வயதுக்காரியும் அவர்களில் இருந்தாள்.

கீலின் அவர்கள் பக்கம் திரும்பினாள். அவள் குரல் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. அந்தக் கடைசிப் பந்து கம்பத்துக்கு வெளியே போச்சு. நான் பார்த்தேன். ஊனா சொன்னதுதான் உண்மை. பொய் சொன்னது நான். இதைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தாச்சு, அவங்க தடையை எடுக்கச் சொல்லியும் எழுதியிருக்கு. பத்திரிகைக்கும் ஒரு காப்பி போகுது, என் பேர் போட்டு. கோப்பை வேன்ல இருக்கு. திரும்ப ஆடற வரைக்கும் யார் வீட்டுலயும் இருக்க வேண்டாம், மாவட்ட ஆபீஸ்ல கொடுத்துடறேன். நீங்க சம்மதிச்சா ரெண்டு வாரத்துல ஆடலாம்."

சுவரின்மேலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: "அப்ப ஊனா கோல்ல நிப்பாங்களா?"

"நிக்கணும்னு கேக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள் கீலின்.

கார்க் கண்ணாடி முழுதாக இறங்கியது. ஊனாவின் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் வாய் பழைய வாய்தான். "எவ்வளவு வெளியே போச்சு?"

"ரெண்டு சாண்."

"மூணு."

"ரெண்டரை. அதுக்கு மேல ஒரு இம்மிகூடத் தர மாட்டேன், ஊனா."

"பதிமூணு நாள்டி" என்றார் ஊனா மெதுவாக. "பதிமூணு நாள் கடைக்குப் போகல நான். பஸ்ல ஏறுற பிள்ளைங்க என் மூஞ்சியைப் பாக்காம ஏறுச்சுங்க."

"தெரியும். மன்னிப்புக் கேக்கறேன். நீங்க மன்னிக்கணும்னு சொல்ல வரல. கேக்கத்தான் வந்தேன்."

ஊனா உறையை மடித்துக் காரின் முன்பக்கப் பெட்டிக்குள் வைத்தார். 

"தடை எப்ப நீங்கும்?"

"செவ்வாய்க்கிழமை குழு கூடுது. அதுவரைக்கும் நீங்க உள்ளே போகவும் கூடாது, பேசவும் கூடாது. எனக்குத் தடை எதுவும் இல்லை." கீலின் தொப்பியைக் கழற்றிப் பையில் திணித்தாள். "எனக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் லீவு. விசில் கொடுங்க. நான் பழக்கறேன், நீங்க இங்க உட்கார்ந்து பாருங்க. தப்பாப் பண்ணினா ஹாரன் அடிங்க."

"டூனாராக்காரி எங்க பிள்ளைங்களைக் கெடுக்கவா?"

"இந்த ரெண்டு மணி நேரம் மட்டும்."

ஊனா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். உடனே கொடுத்துவிடவில்லை, கயிற்றை விரலில் ஒருமுறை சுற்றினார், அவிழ்த்தார். பிறகு ஜன்னல் வழியே நீட்டினார்.

"முதல்ல அந்த வேனை நகர்த்து" என்றார். "பிள்ளைங்க எனக்குத் தெரியல."